நான்கெல்லைக்குள் ஒரு தெரு

எண்பதுகளின் நடுவில் நான் அம்பத்தூரில் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு பாடியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மணல் சலித்தேன். அதற்கும் முன்பு லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போய்வந்தேன். எட்டாவது வகுப்பை முடிக்கவில்லை. எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. ஏன் என்று கேட்டால் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

ஒரு நாள் காலை சுவரில் பசை தடவிக்கொண்டிருந்தபோது சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். முழுக்கைச் சட்டை, கால்சட்டையின் அடியில் கிளிப். "தம்பி, ஒட்டுத காகிதத்தக் கிழியாம உரிச்சு எடுக்கவும் வருமா?" என்று கேட்டார். தெற்கத்திப் பேச்சு. யாரோ கட்சிக்காரர், தன் சுவரொட்டியின் மேல் நான் ஒட்டிவிட்டேன் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என நினைத்தேன்.

"ஒட்டறதுக்குத்தான் சார் நானு. உரிக்கறதுக்கு மாடுங்க கீது," என்றேன்.

எதிர்ச்சுவரில் ஒரு மாடு அப்போதும் பசை காயாத போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்படித்தான் சாரிடம் சேர்ந்தேன்.

அவர் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அலுவலகப் பணியாளர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள ஊர்களின் பழைய கோயில்களுக்குப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுப்பார். வார நாட்களில் அலுவலகம் விட்டு வந்து அவற்றைப் படித்து எழுதுவார். அவருக்குப் பின்னால் எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அரசின் கல்வெட்டுத் துறை படியெடுத்துச் சுருக்கமாகக் குறித்துவைத்துவிட்டு அச்சிடாமல் விட்டவையும், அது எடுக்காமலே விட்டவையும் அந்தப் பக்கம் நிறைய இருந்தன. அவற்றை முழு வாசகத்தோடு, எங்கே இருக்கிறது, எந்த அரசன் காலம், எந்த எழுத்து சந்தேகமானது என்ற குறிப்புகளோடு புத்தகமாகப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

படியெடுப்பது போஸ்டர் வேலைக்குத் தலைகீழ். முதலில் கல்லை நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போன பிறகு, நனைத்த காகிதத்தைச் சுவரில் விரித்து, கெட்டியான பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே வர வேண்டும். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மையில் தோய்த்த துணிப்பந்தால் மேலாக ஒற்றினால் மேடெல்லாம் கறுப்பாகும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்து எடுத்துச் சுருட்டிக்கொள்ளலாம். அதற்கு மைப்படி என்று பெயர். முதல் சில மாதங்கள் நான் கிழித்தவை அதிகம். காற்று அடிக்கும்போது உரிக்கக் கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் அம்பத்தூரிலேயே மேனாம்பேட்டில் ஒரு அச்சகத்தில் படுத்துக்கொண்டேன். பகலில் அங்கே எடுபிடி. அவருடைய புத்தகமும் அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாக அச்சுக் கோக்கப்பட்டது. நடுவில் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனேன். ஒரு முறை ஹோஸ்பேட், ஒரு முறை எங்கே என்று சொல்லும்படியான இடம் இல்லை. திரும்பி வந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. அவருடைய மனைவிதான், "வந்தாச்சா மகராசன்? கைய கழுவிட்டு உக்காரு," என்று தட்டை வைத்தார். அந்த அக்காவின் புளிக்குழம்பு இல்லாவிட்டால் நான் மூன்றாவது முறையும் போயிருப்பேன்.

எந்த ஊருக்குப் போனாலும் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடும். ரோடு அகலப்படுத்த அளக்கிறார்கள் என்பார்கள். புதையல் என்பார்கள். "இன்னா சார், எவ்ளோ ஆழத்துல கீதுன்னு போட்டுகீதா?" என்று ஒருவர் மண்வெட்டியோடே வந்து நின்றார். இதற்காகவே அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். படியெடுத்து முடித்ததும், ஊரைவிட்டுக் கிளம்பும் முன், அங்கே நிற்பவர்களுக்குக் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படித்து, சாதாரணத் தமிழில் சொல்லிவிடுவார். ஊர்க்காரன் சொத்தை ஊர்க்காரனுக்குத் தெரியாமல் எடுத்துப்போகக் கூடாது என்பார். விளக்குக்கு ஆடு விட்டவன், நெல் அளந்தவன், ஏரிக்குக் கரை போட்டவன் என்று அவர் சொல்லச் சொல்ல ஜனங்கள் சந்தோஷமாகக் கேட்பார்கள். சில ஊரில் மோர் கொடுப்பார்கள். நானும் அதை நல்ல வழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்த ஊரின் கோயில் சின்னது. நாங்கள் போன நாளில் கருவறையில் விளக்குகூட எரியவில்லை. தெற்குச் சுவரில் ஒரு கல்வெட்டு. ஒரு வியாபாரி, எப்போதும் எரிகிற ஒரு விளக்குக்காக ஊர்ச் சபையிடம் நிலம் வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறான். "இந்நிலத்துக்கு எல்லை" என்கிற இடத்தில் கல் முடிந்துவிட்டது. அடுத்த கல் வேறு நிறம், எழுத்தே இல்லை. எப்போதோ நடந்த திருப்பணியில் பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதிதை வைத்திருக்கிறார்கள். சார் நெற்றியைச் சுவரில் வைக்காத குறையாக நின்றார்.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு அம்மா இருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மல்லித் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு மடியில் பூவோடு நின்றிருந்தார். வீட்டுக்காரர் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. அந்த அம்மாதான், "இதே மாதிரி கிறுக்கலு எங்க ஊட்டுப் பின்னாடி படியிலயும் கீது சார், வந்து பாருங்க," என்று கூப்பிட்டார்.

ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தெரு. அதன் நடுவில் அவர் வீடு. பின்வாசல் படியாகப் போட்டிருந்த கல்லின் பக்கவாட்டு முகத்தில், சுண்ணாம்புக்கு அடியில், எழுத்து அப்படியே இருந்தது. மாமனார் காலத்தில் கோயில் வெளியே கிடந்ததை வண்டியில் போட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார். நான் தேய்க்கத் தேய்க்க சார் குனிந்து படித்தார். முதல் சொல்லே "கீழ்பாற்கெல்லை", அதாவது கிழக்குப் பக்கத்து எல்லை. சுவரில் அறுந்த வாக்கியம் அந்தப் படியில் தொடர்ந்தது. அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. அந்த அம்மாவும் சந்தோஷப்பட்டார். அக்கம்பக்கத்தை எல்லாம் கூப்பிட்டுவிட்டார்.

மைப்படி காய்ந்து உரித்து எடுத்ததும், வழக்கம்போல சார் படித்துச் சொன்னார். கிழக்கு எல்லை, ஏரிக்கரைக்கு மேற்கு. தெற்கு எல்லை, வாய்க்காலுக்கு வடக்கு. மேற்கு எல்லை, பெருவழிக்குக் கிழக்கு. வடக்கு எல்லை, மேட்டுக்குத் தெற்கு. இந்த நான்கெல்லைக்கு நடுவில் இருப்பதெல்லாம், ஒன்றும் விடாமல், விளக்குக்கு. சந்திரனும் சூரியனும் இருக்கும் வரை.

ஏரிக்கரை அங்கேயே இருந்தது. வாய்க்காலும் இருந்தது. பெருவழியில் இப்போது பஸ் போனது. பிறகு லுங்கிக்காரர் ஒருவர் சுற்றிலும் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல இன்னா கீது? நம்ம தெருதானே கீது?" என்றார்.

"அப்ப நீ தெனம் தண்ணி போட்டுகினு வந்து உழறது சாமி எடத்துலயா மச்சான்?" என்று இன்னொருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கேட்டது சரிதானா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

அந்தத் தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது. வீட்டு வரி ரசீது இருந்தது, கரண்டு பில் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது. பட்டா மட்டும் இல்லை. அப்போதுதான் பூந்தமல்லி பக்கத்து நிலங்களில் கல் நட்டு மனை போட ஆரம்பித்திருந்தார்கள். இதெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. ஒரு கல்வெட்டின் எல்லைகளை எத்தனையோ ஊரில் படித்துச் சொல்லியிருக்கிறோம். அவை எல்லாம் யாரும் குடியில்லாத வயல்கள்.

அடுத்த வாரமே அந்தக் கோயிலின் தர்மகர்த்தா பழத்தட்டோடு ஆவடிக்கு வந்தார். ஊரில் பழைய விவசாயக் குடும்பம். பேச்சில் குறை சொல்ல முடியாத மனிதர். சாமிக்கு எண்ணெய்க்கே வழியில்லை, அந்த இடம் கோயிலுடையது என்று கல்லே சொல்கிறது, அதைப் புத்தகத்தில் பார்த்தால் அதிகாரிகள் ஒப்புக்கொள்வார்கள், எப்போது அச்சாகும் என்று கேட்டார். அவர் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. கோயிலில் விளக்கு எரியாததை நாங்களே பார்த்திருந்தோம். சார் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு அந்த அம்மா வந்தார். தனியாக, இரண்டு பஸ் மாறி, குவார்ட்டர்ஸில் வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஒரு தாமரை இலையில் பூ கட்டிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அத்த புக்குல போடாதீங்க சார்," என்றார் அந்த அம்மா.

புத்தகத்தில் வருவதால் மட்டும் யாரும் வீட்டை இடித்துவிட முடியாது, அது பழைய காலத்துச் செய்தி, நீதிமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது என்று சார் விளக்கினார்.

"கோர்ட்டுக்குப் போவறதுக்கு எந்த பஸ்ஸுன்னே எனுக்குத் தெர்யாது சார். நீங்க அன்னிக்குப் படிச்சதை எல்லாரும் கேட்டாங்க, சிரிச்சாங்க, போய்ட்டாங்க. அது காத்தோட போச்சு. புக்குல போட்டா போவாதே." பிறகு, "நாந்தானே சார் உங்களைக் கூப்ட்டேன்," என்றார்.

அந்த அம்மா போன பிறகு வீட்டில் சண்டை. சண்டை என்றால் சத்தம் இல்லை. அக்கா சோறு போட்டுக்கொண்டே பேசினார். சார் பிசைந்துகொண்டே பேசினார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கல்லில் இருப்பதை மறைப்பவன் எதற்குப் பதிப்பு போட வேண்டும் என்று சார் கேட்டார். தன் விருப்பத்துக்கு ஒரு வரியை விட்டால், இன்னொருவன் தன் சாதிக்காக ஒரு பெயரைச் சேர்ப்பான், அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றார். அவர் அப்படித்தான் வேலை செய்தார். உடைந்த எழுத்தைப் பார்த்தவுடன் என்ன சொல் என்று தெரிந்தாலும் புள்ளிதான் வைப்பார். சந்தேகம் என்றால் பகர அடைப்புக்குள்தான் போடுவார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னைக்கோ செத்துப்போனவன் வெளக்கு எரியணும்னு, இருக்குதவ அடுப்ப அணைக்கச் சொல்லுதியளா?" என்றார்.

சார் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்து கை கழுவினார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பஸ் நிலையத்திலும் லாரி மேலும் காகிதக் கட்டுகளுக்கு நடுவிலும் தூங்கியவனுக்கு ஒரு வீடு போவது எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டே பேசியதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அவர் கேட்டது எங்களிடம் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும் போய்க் கேட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் சார் அச்சகத்துக்கு வந்தார். அந்தக் கல்வெட்டு வரும் பக்கம் ஏற்கெனவே கோத்து, நூல் சுற்றி, பலகையில் தயாராக இருந்தது. அவர் என்னிடம், எல்லை தொடங்கும் இடத்திலிருந்து கடைசி வரை எழுத்தைப் பிரித்துவிடச் சொன்னார். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் தடுத்தார். "முன்பாதி மட்டும் போட்டு, மிச்சம் கிடைக்கலேன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க சார். யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார். அது நல்ல யோசனையாகவே எனக்குத் தோன்றியது.

"கெடச்சத கெடைக்கலேன்னு எப்படி வே போடுவேன்?" என்றார் சார். நின்றபடியே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். கம்பாசிட்டர் அதை அப்படியே கோத்தார்.

"இதன் தொடர்ச்சி பதிப்பாசிரியரால் பார்க்கப்பட்டது. இப்பதிப்பில் சேர்க்கப்படவில்லை."

நான் எழுத்தைப் பிரித்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் போட வேண்டும். ஏரிக்கரையும் வாய்க்காலும் பெருவழியும் ககரம் ரகரமாக உதிர்ந்து பெட்டிக்குள் போயின. அதே எழுத்துகளில் திங்கட்கிழமை ஒரு கல்யாணப் பத்திரிகை கோத்தார்கள்.

புத்தகம் வந்தது. படித்தவர்கள் அந்த இரண்டு வாக்கியங்களைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் நேரிலேயே வந்தார். பதிப்பு உலகத்தில் இப்படி ஒரு குறிப்பை யாரும் கேள்விப்பட்டதில்லை, பார்த்தது என்றால் காட்ட வேண்டும், காட்ட மாட்டேன் என்றால் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்றார். சார் அவருக்குக் காபி கொடுத்து, அந்த இடத்தில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா வரட்டும், அன்று காட்டுகிறேன் என்றார். பேராசிரியருக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பாரா தெரியாது. அந்த ஒரு பக்கத்தால் மற்ற பக்கங்களையும் சிலர் நம்பாமல் போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தர்மகர்த்தா ஒரு பிரதி வாங்கிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு எங்களிடம் பேசவில்லை.

அந்த அம்மாவுக்கும் ஒரு பிரதி கொண்டுபோனேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். நிம்மதியாவார் என்று நினைத்திருந்தேன்.

"பாத்தேன்னு ஏன் போட்டாரு? பாக்கவே இல்லன்னு போட்றதுக்கு இன்னா?" என்றார்.

அவருக்குப் பொய் எழுத வராது என்றேன். "எழுத வராதா, மனசு வரலியா?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தைச் சாமி மாடத்தில் வைத்தார். தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனபோது பார்த்தேன். படியை மூன்று பக்கமும் சிமெண்டு பூசி மூடியிருந்தார்கள். மேலே தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார்கள்.

சாரிடம் சொன்னேன். சிமெண்டு கல்லுக்குக் கெடுதல்தான், ஆனால் மழை படாது என்றார்.

தொண்ணூறுகளில் அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். சுருட்டிவைத்த மைப்படிகளை நான்தான் லாரியில் ஏற்றினேன். நானும் அந்த லாரியிலேயே ஏறிப் போனேன். அங்கிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து வேறெங்கோ. திரும்பி அம்பத்தூர் வந்தபோது அச்சகத்தில் ஆஃப்செட் எந்திரம் வந்திருந்தது. எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட்டிருந்தார்கள்.

சாருடைய புத்தகத்தின் இரண்டாம் பகுதி தயாராகிக்கொண்டிருந்த சமயம் அந்தத் தெருவுக்குப் பட்டா வந்துவிட்டது என்று ஒரு பஸ் பயணத்தில் காதில் விழுந்தது. நான் நேராக அங்கே போனேன். உண்மைதான். அந்த அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். தலை நரைத்திருந்தது. வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழும்பியிருந்தது. இனி அந்தத் தொடர்ச்சியை அச்சில் போடலாமா என்று சார் சார்பில் கேட்டேன். சாரைக் கேட்காமலே கேட்டேன்.

அவர் பட்டாவை உறைக்குள் வைத்தார். ஓரங்களைச் சரிசெய்தார்.

"இன்னிக்குக் குடுத்தவங்க நாளைக்கு வாங்கிக்க மாட்டாங்கன்னு நீ சொல்லு நைனா, போட்டுக்கட்டும்."

நான் பின்வாசல் பக்கம் பார்த்தேன்.

"நா கீற வரைக்கும் வேணாம். அப்பறம் புள்ளைங்க பாடு, உங்க பாடு," என்றார். காபி வைக்க உள்ளே போனார்.

நான் தெற்கே போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் இரண்டாம் பகுதியின் பிற்சேர்க்கைக்காக அந்த வாசகத்தை ஏற்கெனவே சுத்தமாக எழுதி வைத்திருந்தார். தாளை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் மைப்படியோடு சேர்த்து வைத்தார். "அவ சொல்லுதது சரிதான்," என்றார். அது அவருக்கு எளிதாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அன்று மாலை தன் ஊர் வாய்க்கால் வரை நடந்து போய்விட்டு நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். இரண்டாம் பகுதி அது இல்லாமலே வெளிவந்தது.

போன தை மாதம் அந்தப் பக்கமாகப் போனேன். மல்லித் தோட்டம் இருந்த இடமெல்லாம் மனை. ஏரிக்கரை மேல் தார் ரோடு. அந்த அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். இப்போதைக்கு ஆவடியில் என்றேன்.

அவர் இருக்கிறார். அதனால் இதில் ஊரின் பெயரை நான் எழுதவில்லை.